இரண்டு குழுவுக்கும் ஒரே செயலாளர்

நகராட்சிப் பியூன் கொண்டுவந்த சுற்றறிக்கையை இருநூறு பிரதி எடுக்கும்போதே ஜெராக்ஸ்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, தன் வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் கொண்டாட்டம் என்று.

கண்ணாடிமேல் கவிழ்க்கிற எந்தத் தாளையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம். விவாகரத்து மனு, வேலை நீக்க உத்தரவு, பரீட்சையில் தோற்றவன் திருத்திக் கொண்டுவந்த மதிப்பெண் பட்டியல் என்று ஊரின் அழுக்கெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் போய்வந்தது. அவள் வாயைத் திறந்தால் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அவள் வாயைத் திறப்பதில்லை. மனசுக்குள் மட்டும் ஒவ்வொருவரையும் எடைபோட்டு, கொட்டிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த தாளை வைப்பாள்.

சுற்றறிக்கையில் இருந்தது இவ்வளவுதான். நாட்டுக்காக உயிர்விட்டவர்களின் நினைவு நாளில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பொது இடத்தில் பாட்டு, மேளம், ஒலிபெருக்கி, அலங்கார விளக்கு எதுவும் கூடாது. பதினொரு மணிக்கு இரண்டு நிமிஷ மௌனம். தேதியைப் பார்த்தாள். திருவிழா ஊர்வலம் போகிற அதே நாள். நினைவு நாள் அரசாங்கக் காலண்டர்ப்படி வருவது, அசையாது. திருவிழா நிலாவைப் பார்த்து வருவது. வருஷா வருஷம் நகரும். முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் முட்டிக்கொள்ளும். இந்த வருஷம் முட்டிக்கொண்டது.

அவள் கணவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். ஊரில் யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. செயலாளர் என்றால் அவர்தான். திருவிழாக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர், நினைவு நாள் குழுவுக்கும் அவர்தான் செயலாளர்.

திருவிழாக் குழுவில் அவர் நுழைந்தது தொண்டை வழியாக. பழைய செயலாளருக்கு ஒரு வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னிக்கு ஒருநாள் நீங்க மைக்கைப் பிடிங்க" என்றார்கள். பிடித்தவர் விடவில்லை. பழைய செயலாளர் இப்போது செருப்புக் காவல் பார்க்கிறார்.

நினைவு நாள் குழுவில் நுழைந்தது அவளுடைய அண்ணன் வழியாக.

எல்லையில் சண்டை மூண்டபோது படைக்குத் தகுந்த வயசு ஆண்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அண்ணனுக்கும் வந்தது, அவள் கணவருக்கும் வந்தது. இவர் மூன்றே நாளில் இடது காது கேட்காது என்று ஒரு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவிட்டார். அண்ணன் போனான். ஏழாவது வாரம் ஒரு பையும் ஒரு கடிதமும் வந்தன. இருபத்தொரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அரசாங்க ஆள் யாராவது பேசினால் அவர் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பார். வீட்டில் சமையலறையில் அவள் முணுமுணுத்தால், கூடத்தில் இருந்து "என்ன சொன்னே?" என்று உடனே கேட்பார்.

நினைவுச் சுவர் கட்டினார்கள். வீரர்களின் நெருங்கிய உறவினர் குழுவில் உட்காரலாம் என்றார்கள். முதலில் அண்ணி உட்கார்ந்தாள். ஐந்து வருஷம் கழித்து அவள் ஒரு லாரி மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டதும், குழு கூடி, மறுமணத்தால் 'வீரரின் மனைவி' என்ற தகுதி முடிந்துபோனதாகத் தீர்மானம் போட்டது. அந்த நாற்காலி காலியானது. கூடப்பிறந்த தங்கை ஒருத்தி உயிரோடு இருக்கிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மச்சான்காரர் போய் உட்கார்ந்தார். ஆறே மாசத்தில் செயலாளர் ஆனார்.

பியூன் போன பிறகு, மீட்டர் புத்தகத்தோடு அவர் கடைக்கு வந்தார். சுற்றறிக்கையை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். முகம் பூத்துவிட்டது.

"பெரிய சிக்கலாயிருக்கே" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"பேசாம ஊர்வலத்தை ராத்திரி ஏழு மணிக்கு மேல வச்சுக்கலாமே. ஆறு மணியோட தடை முடிஞ்சிடுதே" என்றாள் அவள்.

"உனக்கு ஒண்ணும் புரியாது. இது கொள்கை விஷயம்."

அன்று மாலையே கொள்கை ஆரம்பமாகிவிட்டது. திருவிழாக் குழுவின் மஞ்சள் லெட்டர்பேடை மேஜைமேல் போட்டு, கம்ப்யூட்டரைக் காட்டி, "அடி" என்றார்.

"யாருக்கு?"

"நினைவு நாள் குழுச் செயலாளருக்கு."

"அது நீங்கதானே?"

"பதவி வேற, ஆள் வேற. நான் சொல்லச் சொல்ல அடி."

முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, லேமினேஷன் மெஷினுக்கும் வாசலுக்கும் இடையில் இருந்த நாலடி இடத்தில் நடந்தபடி சொன்னார். பன்னூறு ஆண்டுகளாக இம்மண்ணில் நடைபெறும் ஊர்வலத்தைத் தடுக்க எந்தச் சக்திக்கும் உரிமை கிடையாது. இறந்தவர்களைக் காட்டி இறைவனை நிறுத்த முடியாது.

அவள் விரலை நிறுத்தினாள். "பன்னூறா? இந்த ஊர் உருவாகியே எழுபது வருஷம்தான் ஆகுது."

"அடி."

அடித்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். திருவிழாக் குழுவுக்கு அவர் போடும் கையெழுத்தில் கடைசி எழுத்து வாலை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றி வரும். நினைவு நாள் குழுவுக்கு நேராக, விறைப்பாக நிற்கும்.

இரண்டாம் நாள் கறுப்புக் கரை போட்ட லெட்டர்பேடோடு வந்தார். முந்தைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கே படித்துக் காட்டினார். 'இறந்தவர்களைக் காட்டி' என்ற இடத்தில் அவர் குரல் நடுங்கியது. காது மடல் சிவந்தது.

"எவ்வளவு திமிர் இருந்தா இப்படி எழுதுவாங்க? அடி. தங்கள் கடிதத்தின் ஆணவத் தொனி கண்டு திடுக்கிட்டோம்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நடிக்கிறார் என்றால் கூடச் சகித்திருப்பாள். ஊரில் நடிக்காதவன் யார்? ஆனால் அந்த மனுஷர் நடிக்கவில்லை. தான் எழுதிய கடிதத்தின்மேல் தனக்கே நிஜமாகக் கோபம் வந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலியின் சூடு அவர் ரத்தத்தில் ஏறிவிடும். இவரோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது.

மூன்று வாரத்தில் ஒன்பது கடிதம். ஒவ்வொன்றையும் அந்தந்தக் குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து உரக்கப் படித்தார். திருவிழாக் குழுத் தலைவர் நகைக்கடைக்காரர். படிப்பது பாதிதான் புரியும், ஆனால் மேஜையைத் தட்டவேண்டிய இடம் தெரியும். நினைவு நாள் குழுத் தலைவரைக் கேப்டன் என்பார்கள். போர் நடந்த காலம் முழுக்க அவர் எல்லையிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்கில் கம்பளி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் மேஜையைத் தட்டமாட்டார். எழுந்து நின்று விறைத்துக்கொள்வார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. முடிவெட்டும் கடையில் ஒரே பேப்பரைக் கிழித்துப் பங்குபோட்டுப் படித்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டார்கள். திருவிழாவுக்குக் கட்டியிருந்த விளக்குச் சரத்தை யாரோ ஆறு இடத்தில் அறுத்தார்கள். மறுநாள் நினைவுச் சுவரைச் சுற்றியிருந்த கம்பி வேலி சாய்ந்து கிடந்தது. அதை ஒட்டி நடந்த தள்ளுமுள்ளில், அந்தப் பக்கம் தன் பாட்டுக்குத் தெரு பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளியின் நெற்றியில் ஒரு கல் வந்து விழுந்தது. நாலு தையல். அவன் எந்தக் குழுவிலும் இல்லை. இரண்டு குழுவுமே 'தாக்கப்பட்ட எங்கள் உறுப்பினர்' என்று அவனைப் பற்றி அறிக்கை விட்டன. இரண்டு அறிக்கையையும் ஒரே மத்தியானத்தில் அவள்தான் அடித்தாள். அந்தத் தொழிலாளி மருத்துவச் சீட்டை நகலெடுக்க வந்தபோது, "நான் யாரு பக்கம்னு ஏதாவது வந்திருக்காம்மா?" என்று கேட்டான். அவள் சீட்டை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த மனு வந்தது. தடையை உறுதியாக அமல்படுத்தக் கோரி வட்டார அதிகாரிக்கு 'வீரரின் மனைவி' எழுதுவதுபோல் ஒரு மனு. கணவர் சொன்னார், அவள் அடித்தாள். அதைக் கொண்டுபோய் அண்ணியிடம் கையெழுத்துக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்று திரும்பிவந்தார்.

அண்ணி மறுநாள் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ப்ளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து, ரேகை தேய்ந்திருக்கும். வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். மனுவை மேஜைமேல் விரித்துவைத்தாள்.

"'வீரரின் மனைவியாகிய நான்'னு போட்டிருக்கு."

"ஆமா அண்ணி."

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க இனிமே மனைவி இல்லன்னு ஒரு கடிதம் வந்துச்சு. அதை யாரு அடிச்சது?"

"நான்தான்."

"இதையும் நீதானா?"

"ஆமா."

அண்ணி கோபப்படவில்லை. குனிந்து விசைப்பலகையைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். "கை வலிக்கலையாம்மா உனக்கு?" என்றாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். "இதை உன் வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடு. எந்த வருஷத்து மனைவின்னு போட்டுக் கொண்டுவரச் சொல்லு. அப்புறம் பார்க்கலாம்."

போய்விட்டாள். அன்று வரை ஜெராக்ஸ்காரம்மா ஊரையெல்லாம் கேவலமாகப் பார்த்திருக்கிறாள். தன்னைப் பார்த்ததில்லை. நகைக்கடைக்காரரும் கேப்டனும் தன் வீட்டுக்காரரும் எவ்வளவு கேவலமோ, அவ்வளவையும் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக்கொடுத்தது இந்தப் பத்து விரல்தானே? அந்த எண்ணம் வந்தும் அவள் அன்றைக்கே நிறுத்திவிடவில்லை. அதற்கப்புறமும் இரண்டு கடிதம் அடித்தாள். பழக்கம் அப்படி.

கல் விழுந்த சங்கதி மேலே போய், வட்டார அதிகாரி சமாதானக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். அங்கே டைப்பிஸ்ட் லீவு என்பதால் ஒப்பந்தம் அடிக்க இவளையும் வரச்சொன்னார்கள். நீள மேஜை. ஒரு பக்கம் நகைக்கடைக்காரர், எதிர்ப்பக்கம் கேப்டன். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இவள். அதிகாரி நாற்பது வயசுப் பெண்மணி. முன்னால் பதினோரு கடிதமும் கோப்பாக இருந்தது.

"ரெண்டு குழுச் செயலாளரும் உங்க உங்க பக்கம் உட்காருங்க" என்றார் அதிகாரி.

ஒருவர் எழுந்தார். மேஜையின் தலைமாட்டில், இரண்டு பக்கமும் சேராத இடத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வலது காதை அதிகாரிப் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

இன்றைக்கு மானம் போகும் என்று அவள் நினைத்தாள். அதற்காக மூன்று வாரமாகக் காத்திருந்தவள் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "இந்த லெட்டர் எழுதினது நீங்க. இதுக்குப் பதில் எழுதினதும் நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று தலைவர்களைக் கேட்டார்.

நகைக்கடைக்காரர் சிரித்தார். "தெரியாம இருக்குமா? அவரு நம்ம ஆளு. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அங்கே உட்கார வச்சிருக்கோம்."

கேப்டன் விறைத்தார். "நாங்களும் அதுக்காகத்தான் அங்க விட்டு வச்சிருக்கோம்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் வெட்கமும் வரவில்லை. அதிகாரிக்கு மத்தியானம் இன்னொரு கூட்டம் இருந்தது. கோப்பை மூடிவிட்டுச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஒரே ஆள் இவர்தான். ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒண்ணு போடுவோம். நீங்களே தலைவரா இருங்க."

அவர் எழுந்து, தலை தாழ்த்தி, அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். மூன்றாவது நாற்காலி. ஜெராக்ஸ்காரம்மா அதைத் தன் கையாலேயே அடித்து, மூன்று பிரதி எடுத்து, கையெழுத்துக்கு நீட்டினாள். ஒப்பந்தம் இதுதான். ஊர்வலம் சத்தமில்லாமல் வந்து நினைவுச் சுவர் முன்னால் நிற்கும். ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர் ஐந்து நிமிஷம் பேசுவார். பதினொரு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதும், எல்லோரும் மௌனம். இரண்டாம் சங்கு ஊதியதும் மலர்வளையம் வைப்பார்கள், மேளம் தொடங்கும், ஊர்வலம் நகரும். தடையை அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் தளர்த்தி அதிகாரி உத்தரவு போட்டார்.

கணவருடைய பேச்சு ஆறு பக்கம் வந்தது. நாலாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

'போருக்குப் புறப்பட்ட நாளில் என் மைத்துனர் என் தோளில் கை வைத்து, மச்சான், நான் திரும்பி வராவிட்டாலும் திருவிழாவை நிறுத்திவிடாதீர்கள் என்றார்.'

"இது எப்போ நடந்துச்சு?" என்றாள்.

"புறப்பட்ட அன்னிக்கு."

"புறப்பட்ட அன்னிக்கு நீங்க குளியலறையில இருந்தீங்க. அண்ணன் வாசல்ல பையோட நின்னான். நீங்க தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டு வெளியிலயே வரல."

"வந்திருந்தா சொல்லியிருப்பான்."

அண்ணன் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குளியலறைக் கதவைப் பார்த்து உரக்கச் சிரித்து, "அவருக்குத்தான் காது கேட்காதே, விடு" என்றான். அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கினான். அவன் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். வீரமாக ஒன்றும் இல்லை. ஆனால் அது அவனுடையது.

"இந்தப் பத்தியை எடுத்துடுங்க" என்றாள்.

"அதுதான் பேச்சோட உயிரே."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் பத்தியை அழித்தாள். ஐந்து பக்கமாக அச்செடுத்து, பின் அடித்துக் கொடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த முதல் எதிர்ப்பு அது.

அந்த நாள் வந்தது. ஊர்வலம் சத்தமில்லாமல் வந்து சுவர் முன்னால் நின்றது. முன்னால் கொடி, நடுவில் விளக்கு வண்டி, கடைசியில் மேளக்காரர்கள். கேப்டன் மார்பில் பதக்கம் குத்தியிருந்தார். கம்பளி எண்ணியதற்குக் கொடுத்ததாக இருக்கும். நகைக்கடைக்காரர் சுவரில் இருந்த பெயர்களை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பவர்போல, எதையோ தேடுகிற முகத்தோடு நின்றார். ஜெராக்ஸ்காரம்மா கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றாள். அண்ணி வரவில்லை.

பத்து ஐம்பதுக்குச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். நாலாம் பக்கத்துக்கு வந்ததும் ஒரு விநாடி தடுமாறினார். தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மனசிலிருந்து பேச ஆரம்பித்தார். எழுதியிருந்ததைவிட அது பெரிதாக வந்தது. மைத்துனர் தோளில் கை வைத்தார், கட்டிப்பிடித்தார், அழுதார். எழுதாத ஒரு மழைகூட அங்கே பெய்தது. கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் வேகம் பிடித்தது. மௌனத்தின் மகத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. 'கொஞ்சம் பொறு' என்பதுபோல் அவர் சங்கு வந்த திசையைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு, அதைவிட உரக்கப் பேசினார். சிலர் தலை குனிந்தார்கள். சிலர் செயலாளர் பேசுகிறாரே, எப்படிக் குனிவது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சங்கு நின்றது. அவர் நிற்கவில்லை.

அவள் கண்ணை மூடி அண்ணனை நினைக்கப் பார்த்தாள். லிஃப்ட் எண்ணெய்க் கறை படிந்த அவன் சட்டைக் கை, அந்தத் தலையில் தட்டிய தட்டு, ஏதாவது ஒன்று வரட்டும் என்று பார்த்தாள். வந்ததெல்லாம் ஒலிபெருக்கியில் இவர் குரல். அந்தக் குரலில், நடக்காத ஒரு மழையில், பேசாத வசனத்தைப் பேசிக்கொண்டு யாரோ ஒருவன் நின்றான். அண்ணனுக்கென்று இந்த ஊர் ஒதுக்கியது வருஷத்தில் இரண்டு நிமிஷம். அதையும் இந்த மனுஷர் பேசியே தீர்த்துவிட்டார்.

இரண்டாம் சங்கு ஊதியது. மேளக்காரர்கள் ஒப்பந்தப்படி அடித்தார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. விளக்கு வண்டி நகர்ந்தது. இன்னும் மௌனமே ஆரம்பிக்கவில்லையே என்று நினைவு நாள் குழுக்காரர்கள் பாய்ந்து மேளத்தைப் பிடித்தார்கள். அவர்கள் இவர்களைத் தள்ள, இவர்கள் அவர்களைத் தள்ள, மலர்வளையம் வைத்திருந்தவர் சறுக்கி விழுந்தார். வண்டிச் சக்கரம் மலர்வளையத்தின்மேல் ஏறி நின்றது. கேப்டனின் பதக்கம் எங்கேயோ தெறித்தது. மைக்கில் செயலாளர் குரல் மட்டும் "அமைதி, அமைதி" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கால் தானாக அண்ணி வீட்டுத் தெருவில் திரும்பியது.

மெக்கானிக்தான் கதவைத் திறந்தார். பதினாறு வருஷமாகத் தெரிந்தவர். ஆனால் அண்ணியின் இரண்டாவது கணவரை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமலே அவள் காலத்தை ஓட்டியிருந்தாள். 'இங்க பாருங்க', 'கேட்டுக்கோங்க' என்று ஒப்பேற்றிவிடுவாள்.

"உள்ள வாங்க. அவ டூட்டிக்குப் போயிருக்கா, ஒரு மணிக்கு வந்துடுவா. இன்னிக்கு யார்கிட்டயும் பேசமாட்டா. வருஷா வருஷம் அப்படித்தான். நானும் கேட்கிறதில்லை" என்றார்.

கூடத்தில் அவர்களுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் படம் மாட்டியிருந்தது. சட்டத்தில் தூசி இல்லை. அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவர், "ஆணி கொஞ்சம் ஆடுது, மாத்தணும்" என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கழற்றிப்போட்டிருந்த ஏதோ ஒரு பம்பைத் துடைக்க உட்கார்ந்தார். எங்கே போனீர்கள், என்ன கலவரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் என்ன, இருபது நிமிஷம் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அவள் அழுதாள். அவர் பம்பைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று, "வரேண்ணே" என்றாள். அண்ணே என்று முதல் தடவையாக வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் காலை கடை திறந்து அரைமணி ஆகவில்லை. செயலாளர் வந்தார். தொண்டை கட்டி, குரல் கீச்சென்று வந்தது. உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு. முகத்தில் மட்டும் களை குறையவில்லை. நடந்ததற்குத் திருவிழாக் குழு நினைவு நாள் குழுவையும், நினைவு நாள் குழு திருவிழாக் குழுவையும் குறை சொன்னது. அவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "பேச்சு ரொம்ப உருக்கமாயிருந்துச்சு" என்று இரண்டு பக்கமும் சொன்னார்களாம்.

மஞ்சள் லெட்டர்பேடையும் கறுப்புக் கரை லெட்டர்பேடையும் ஒன்றின்மேல் ஒன்றாக மேஜையில் வைத்தார்.

"ரெண்டு கண்டனக் கடிதம் இருக்கு. முதல்ல இது."

"நான் அடிக்கல" என்றாள்.

"என்னது?"

"உங்களுக்குக் கேட்டுச்சு. நான் இனிமே அடிக்கல. எந்தப் பேடுலயும்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அண்ணன் பேரை வச்சு நீங்க பேசினது போதும். குழுவுல அண்ணன் சார்பா ஒருத்தர் உட்காரணும்னா அண்ணி உட்காரட்டும், இல்ல நான் உட்காருறேன். ரெண்டு பேருக்கும் இஷ்டமில்லன்னா அந்த நாற்காலி சும்மா கிடக்கட்டும். நீங்க உட்காராதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். புண்பட்டதுபோல் இருந்தது முகம். பிறகு அந்த முகம் மாறி, கண் லேசாக விரிந்தது. அவளுக்கு அந்தப் பார்வை தெரியும். புதிதாக ஒரு தகராறு கிடைத்த பார்வை.

"அப்போ அதை எழுத்துமூலமாக் கொடு" என்றார். "குழுவுல வச்சு, பதில் அனுப்புறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆளைக் கோபித்துக்கொள்வதுகூட வீண் என்று தோன்றியது. மெஷினைத் திறந்து சிக்கியிருந்த ஒரு தாளை உருவினாள்.

அவர் கம்ப்யூட்டர் முன்னால் தானே உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, கோழி கொத்துவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ஒரு வரி முடிய இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் சான்றிதழ் நகலெடுத்துப் போனார்கள், ஒருத்தி அடையாள அட்டையை லேமினேஷன் செய்து வாங்கினாள்.

"இந்த ழ எங்கே இருக்கு?" என்று கேட்டார். "விழாக் குழுன்னு அடிக்கணும்."

அவள் அடுத்து நின்றவரிடம், "உங்களுக்கு எத்தனை பிரதிங்க?" என்று கேட்டாள்.